அவர்கள் குறித்த தவணையும் நாம் கட்டும் தவணையும்

வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த தோழர் ஒருவர் சென்ற வாரம் நம்மைக் காண வந்தார். சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை செய்பவர். கையில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தார். கடைக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்த விலைச் சீட்டு அது. புதிய கம்ப்யூட்டர், புதிய மானிட்டர், புதிய யுபிஎஸ். கூட்டினால் நாற்பதாயிரத்துக்கு மேல் வந்தது. "வீட்டில் இருக்கிற கம்மலை அடகு வைத்து வாங்கிவிடலாமா, தோழரே? மகள் பி.காம். படிக்கிறாள்" என்று கேட்டார்.

"இருக்கிற பெட்டிக்கு என்ன வந்தது?" என்று கேட்டோம்.

"ஓடுகிறது. ஆனால் மெதுவாக ஓடுகிறது. விண்டோஸ் முடிந்துபோய்விட்டதாம். இதில் இனி புதியது எதுவும் ஏறாதாம். தூக்கிப் போட்டுவிடுங்கள் என்கிறார்கள்" என்றார்.

ஓடுகிறது, ஆனாலும் தூக்கிப் போட வேண்டும்! உழுகிற மாட்டைப் பிடித்துக் கசாப்புக்குக் கொடு என்பது போன்ற யோசனை இது. சொன்ன கடைக்காரரை நாம் குறை கூறவில்லை. அவருக்கும் வயிறு உண்டு. விற்றால்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கும். ஆனால் அடகுக் கடைப் படியேறப் போகிறவர் நம் தோழர். வட்டி கட்டப் போகிறவர் நம் தோழர். ஆகவே அவருக்காகச் சில கேள்விகளைக் கேட்பது நம் கடமையாகிறது. இது ஒரு வீட்டுக் கதையும் அன்று. மங்கலத்திலும் கூடப்பாக்கத்திலும், சேலியமேட்டிலும் கிருமாம்பாக்கத்திலும், பிள்ளைகளின் படிப்புக்காக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கி வைத்த பெட்டிகள் இன்று இதே தீர்ப்பைக் கேட்டுக்கொண்டு மூலையில் நிற்கின்றன.

நாள் குறித்தவர் யார்?

மைக்ரோசாப்ட் கம்பெனி விண்டோஸ் 10 என்னும் இயக்கு மென்பொருளை 2015 ஜூலை 29-ல் வெளியிட்டது. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு அதற்கு வழக்கமாகக் கொடுத்து வந்த பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்தியது. வீட்டு உபயோகத்தார் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு என்று ஒரு சலுகையும் அறிவித்தது. அதற்கு அடுத்த விண்டோஸ் 11, 2021 அக்டோபர் 5-ல் வந்தது. 4 ஜிபி ராம் போதும், 64 ஜிபி இடம் போதும் என்கிறார்கள். இது பெரிய கேட்பல்ல. ஆனால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பு உள்ளே இருக்க வேண்டும். பிராசஸரும் கம்பெனி வெளியிட்ட பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் பிராசஸர்களில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை ஏறத்தாழ எல்லாமே அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. எட்டாம் தலைமுறை சந்தைக்கு வரத் தொடங்கியது 2017-ல்.

அதாவது, 2016-ல் காசு கொடுத்து வாங்கிய பெட்டி, நல்ல நிலையில் இருந்தாலும், தகுதி இல்லாதது ஆகிவிட்டது. கெட்டுப்போனதால் அல்ல; பட்டியலில் பெயர் இல்லாததால்! ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனவனுக்குப் பசி எடுக்காது என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

டிபிஎம் வீண் என்று நாம் சொல்லவில்லை. ரகசியச் சாவிகளைப் பூட்டி வைக்கும் பெட்டகம் அது, பயனுள்ளதுதான். ஆனால் புதிய பூட்டு வந்துவிட்டது என்பதற்காக வீட்டையே இடித்துக் கட்டச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

அலட்சியமும் ஆகாது

இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் ஒன்றும் செய்ய வேண்டாம், இருக்கிறபடியே ஓட்டுவோம்" என்று எந்தத் தோழரும் உட்கார்ந்துவிடக் கூடாது. திருத்தங்கள் நின்றுபோன விண்டோஸ், ஓடு மாற்றாத கூரை. முதல் மழையில் தெரியாது, அடைமழையில் தெரியும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஒவ்வோர் ஓட்டையும் அடைபடாமல் அப்படியே கிடக்கும். அதில் உட்கார்ந்து வங்கிக் கணக்கைத் திறப்பதும், ஆதார் நகலைச் சேமித்து வைப்பதும், கடவுச்சொல்லைத் தட்டுவதும் திருடனுக்குத் திண்ணையில் பாய் விரிப்பதாகும். கம்மலை அடகுக் கடையில் இழக்காமல் காப்பாற்றிவிட்டு, சேமிப்பை வங்கிக் கணக்கில் இழப்பதில் என்ன லாபம்?

ஆகவே முடிவு எடுத்துத்தான் ஆக வேண்டும். அச்சத்தினால் எடுக்கிற முடிவாக அது இருக்கக் கூடாது. கணக்குப் போட்டு எடுக்கிற முடிவாக இருக்க வேண்டும்.

முதலில் பெட்டியைத் திறவுங்கள்

வைத்தியர் நாடி பார்க்காமல் மருந்து எழுதினால் ஏற்போமா? பெட்டியைத் திறந்து பார்க்காமல் 'புதிது வாங்கு' என்பவரையும் ஏற்க வேண்டியதில்லை. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். உள்ளே பல வருஷத் தூசி பஞ்சு போல் அடைந்திருக்கும். காற்றாடி திணறும். பிராசஸரின் மேல் தடவிய வெப்பப் பசை காய்ந்து பொருக்காகியிருக்கும். சூடு ஏறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தூசியைத் தட்டிப் புதிய பசை தடவினாலே பாதி நோய் தீர்ந்த பெட்டிகள் உண்டு.

அடுத்தது ஹார்டு டிஸ்க். பழைய வகையில் ஒரு தட்டு, நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றும். அதன் மேல் ஒரு முனை ஓடி ஓடித் தேடும். பழைய பெட்டி நத்தை போல் நகர்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால், சுற்றுவதும் இல்லை, தேடுவதும் இல்லை. திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம் என்றிருந்த பெட்டி சில நொடிகளில் திறந்து நிற்கும். 4 ஜிபி ராம் இருந்தால் 8 ஜிபி ஆக்கலாம். இந்த இரண்டும் சேர்ந்தாலும் புதிய பெட்டியின் விலையில் ஒரு பங்குதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 2025-ன் கடைசி மாதங்களில் உலகச் சந்தையில் ராம் விலை மளமளவென ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் பிரம்மாண்டமான கணினிக் கூடங்கள் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதே காரணம். அமெரிக்காவின் மைக்ரான் கம்பெனி, க்ரூஷியல் என்ற பெயரில் வீட்டு உபயோகத்தாருக்குச் செய்துவந்த வியாபாரத்தையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. பணக்காரன் கல்யாணத்துக்கு ஊர்க் காய்கறி முழுவதும் போய்விட்டால் ஏழை வீட்டில் குழம்பு எப்படி வைப்பது? இப்படிப்பட்ட காலத்தில் கையில் இருக்கும் ராமைக் கழற்றிக் காயலான் கடைக்குப் போடுவது அறிவீனம். கழித்துப் போட்ட பெட்டியிலிருந்து எடுத்த நல்ல ராம் கிடைத்தால், சோதித்துப் பார்த்து வாங்கலாம்.

இன்னும் இரண்டு சிறு விஷயங்கள். பெட்டியை அணைத்துப் போட்டால் தேதி பல வருஷம் பின்னோக்கிப் போகிறதா? வங்கிப் பக்கம் திறக்க மறுக்கிறதா? போர்டு போய்விட்டது என்று பயப்படாதீர்கள். காசு அளவு வட்டமாக உள்ளே ஒரு பேட்டரி இருக்கிறது; அது செத்திருக்கும். கரண்டு போனதும் யுபிஎஸ் உடனே அணைகிறதா? அதுவும் உள்ளே இருக்கும் பேட்டரியின் குற்றமாகவே பெரும்பாலும் இருக்கும். பேட்டரியை மட்டும் மாற்றலாம். விளக்குத் திரி கருகினால் விளக்கையா மாற்றுவோம்?

விண்டோஸ் இல்லாமல் வாழ்வு இல்லையா?

பின்லாந்தில் 21 வயது மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் எழுதத் தொடங்கியது லினக்ஸ். உலகெங்கும் பல்லாயிரம் பேர் கைகோத்து வளர்த்தது அது. விலை இல்லை, எந்தப் பெட்டிக்குத் தகுதி உண்டு என்று கம்பெனி ஒட்டும் பட்டியலும் இல்லை. உபுண்டு, லினக்ஸ் மின்ட் முதலியவை அதன் வடிவங்கள். பத்து வயதுப் பெட்டியிலும், 4 ஜிபி ராம் இருந்தால், மின்ட் ஓடும். பாதுகாப்புத் திருத்தமும் தொடர்ந்து வரும்.

"அது படித்த என்ஜினீயர்களுக்கு அல்லவா?" என்று கேட்கும் தோழர்கள் அண்டை மாநிலத்தைப் பார்க்கட்டும். கேரளத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் பாடம் படிக்கிறார்கள். தமிழகத்தில் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வழங்கியவற்றில் பல, விண்டோஸோடு சேர்த்து பாஸ் லினக்ஸையும் கொண்டு வந்தன. சென்னை சிடாக் நிறுவனத்தில் உருவானது அது. கடலூரிலும் விழுப்புரத்திலும் நமக்குப் பெண் கொடுத்த வீடுகளில், பெண் எடுத்த வீடுகளில், அந்த மடிக்கணினிகள் இன்னும் பரண்மேல் கிடக்கும். இறக்கிப் பாருங்கள்.

ஆனால் உண்மையை மறைத்து ஊருக்கு உபதேசம் செய்வது நம் வழக்கமல்ல. டேலி விண்டோஸில் ஓடுவது. ஆட்டோகேடும் அப்படியே. சில பழைய பிரிண்டர்கள் லினக்ஸில் முரண்டு பிடிக்கும். ஆகவே முதல் கேள்வி, 'எந்தப் பெட்டி?' என்பதல்ல. 'நம் வீட்டில் என்ன வேலை?' என்பதே. கடிதம் தட்டவும், பாடம் பார்க்கவும், விண்ணப்பம் அனுப்பவும், வங்கிக் கணக்குப் பார்க்கவும் என்றால் பழைய பெட்டியும் லினக்ஸும் போதும். அந்தக் கணினியை வைத்துத்தான் மகன் சம்பாதிக்கிறான், படம் வரைகிறான், வீடியோ வெட்டி ஒட்டுகிறான் என்றால் கணக்கே வேறு.

மாற்ற வேண்டியதை மாற்றத்தான் வேண்டும்

பழசு என்பதற்காகவே எதையும் கட்டிக்கொண்டு அழச் சொல்பவர்கள் அல்லர் நாம். அந்த மோகத்தின் விலையைப் புதுவைத் தொழிலாளி அறிவான். 1898-ல் தோன்றிய ஏஎப்டி ஆலை 2020-ல் மூடப்பட்டது. காரணங்கள் பல. காலத்தில் புதுப்பிக்காமல் விட்ட இயந்திரங்களும் அவற்றில் ஒன்று. புதுப்பிக்க வேண்டிய நாளில் ஒட்டுப்போட்டே காலம் தள்ளினால், ஒருநாள் ஒட்டுவதற்கும் ஒன்றும் மிஞ்சாது.

எனவே ஒரு வரம்பு வேண்டும். மதர்போர்டு போய்விட்டதா? பழுதுபார்க்கும் செலவு, அதே வேலையைச் செய்யும் வேறு பெட்டியின் விலையில் பாதியைத் தாண்டுகிறதா? நிறுத்திவிடுங்கள். 2024 நவம்பர் 30-ல் பெஞ்சல் புயல் கரையேறியபோது புதுவையில் ஒரு நாளில் 46 சென்டிமீட்டர் மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். அதையடுத்துத் தென்பெண்ணை வெள்ளம் பாகூர்ப் பகுதியைச் சூழ்ந்தது. அப்படிச் சேற்றுத் தண்ணீரில் மூழ்கிய பெட்டியில் போர்டு அரித்துக்கொண்டே போகும். அதில் பணத்தைக் கொட்ட வேண்டாம். ஆனால் உலர்த்துவதற்கு முன்பே மின்சாரம் கொடுத்துப் பார்க்காமல், டிஸ்கைக் கழற்றித் தெரிந்தவரிடம் கொடுத்தால், உள்ளே உள்ள சான்றிதழ்களும் படங்களும் மீளக்கூடும்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றாலும் புத்தம் புதிதே வேண்டும் என்பதில்லை. பெரிய அலுவலகங்கள் மொத்தமாகக் கழிக்கும் பெட்டிகள் பழுதுபார்க்கப்பட்டுச் சென்னை ரிச்சித் தெரு முதல் நம்மூர்க் கடைகள் வரை வருகின்றன. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ பார்த்து, ரசீதும் உத்தரவாதமும் கேட்டு வாங்குங்கள். பழைய மானிட்டரும் கீபோர்டும் மவுசும் வீட்டிலேயே இருக்கட்டும். நன்றாக இருப்பதை இரண்டாம் முறை வாங்குவானேன்?

ஏரி சொல்லும் பாடம்

பாகூர் ஏரியைப் பாருங்கள். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணைத் தண்ணீர் வந்து நிரம்பும் ஏரி. தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட ஏரி. அது தூர்ந்தபோது, "ஏரிக்கு வயதாகிவிட்டது, வேறு ஏரி வாங்குவோம்" என்று எந்த உழவனாவது சொன்னானா? மதகு பழுதானால் மதகை மாற்றினான். கரை கரைந்தால் மண் போட்டான். வண்டல் சேர்ந்தால் வாரி வயலில் இட்டான். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 1999-ல் தொடங்கிய ஏரிப் புனரமைப்புத் திட்டத்திலும் அதே வேலைதான் நடந்தது. எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று பார்த்துப் பிரிக்கும் இந்த அறிவு நம் மண்ணுக்குப் புதிதல்ல. ஏரியில் பயன்படுத்திய அறிவைக் கம்ப்யூட்டரிலும் பயன்படுத்துங்கள் என்கிறோம், அவ்வளவுதான்.

சர்க்கார் என்ன செய்ய வேண்டும்?

1954 வரை நம்மை ஆண்ட பிரான்ஸ் தன் நாட்டில் என்ன செய்திருக்கிறது தெரியுமா? பொருள் சீக்கிரம் வீணாகும்படி வேண்டுமென்றே திட்டமிட்டுச் செய்வதை 2015-ல் குற்றமாக்கியது; இரண்டு ஆண்டுச் சிறை, 3 லட்சம் யூரோ அபராதம் என்று சட்டம் சொல்கிறது. 2021 ஜனவரி 1 முதல் மடிக்கணினி விற்பவர், அதைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று பத்துக்கு இத்தனை மதிப்பெண் என எழுதி ஒட்ட வேண்டும். பழைய ஐபோன்களின் வேகம் குறையக்கூடும் என்பதை வாங்கியவருக்குத் தெரிவிக்காததற்காக ஆப்பிள் கம்பெனியிடம் 2020-ல் 2.5 கோடி யூரோ வசூலித்தது.

நம் நாட்டில்? பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24-ல் ஓர் இணைய வாசல் திறந்தது. மதிப்பெண் முறை பற்றி மற்றொரு குழு 2025 மே மாதத்தில் அறிக்கை கொடுத்தது. வரவேற்கிறோம். ஆனால் அறிக்கையால் ஹார்டு டிஸ்க் சுற்றாது. புதிய கம்ப்யூட்டருக்கு 18 சதவீதம் வரி. பழைய கம்ப்யூட்டரைக் காப்பாற்ற வாங்கும் உதிரிப் பாகத்துக்கும் 18 சதவீதம் வரி! தூக்கிப் போடுகிறவனுக்கும் காப்பாற்றுகிறவனுக்கும் ஒரே தண்டமா? பழுதுபார்க்கும் வேலைக்கும் பாகத்துக்கும் வரியைக் குறைக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

புதுவை அரசு பள்ளி மாணவர்க்கு மடிக்கணினி வழங்கியது, நல்ல காரியம். கொடுத்த பொருள் பழுதானால் பிள்ளை எங்கே போவான்? கொம்யூனுக்கு ஒரு பழுதுநீக்கு நிலையம் வேண்டாமா? ஐடிஐ படித்த இளைஞர்களுக்கு அங்கே வேலை கொடுக்கலாமே! அரசு அலுவலகங்கள் கழிக்கும் பெட்டிகளைக் காயலானுக்கு ஏலம் விடாமல், சரிபார்த்துப் படிப்பகங்களுக்குக் கொடுக்கலாமே! நிருபதுங்க பல்லவன் காலத்தில் பாகூரில் நடந்த கல்வி நிலையத்துக்கு மூன்று ஊர்களை ஒதுக்கியதாகப் பாகூர்ச் செப்பேடு பேசுகிறது. அந்தக் கல்வி யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பது வேறு வழக்கு. அதை நாம் மறக்கவில்லை. ஆனால் கல்விச்சாலையைத் தொடங்கினால் மட்டும் போதாது, அது தொடர்ந்து நடக்கவும் வழி செய்ய வேண்டும் என்பது ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் தெரிந்த செய்தி.

தோழர்கள் என்ன செய்ய வேண்டும்?

சர்க்கார் செய்யும்வரை காத்திருப்பது நம் இயல்பல்ல. ஒவ்வொரு கிளைப் படிப்பகத்திலும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசை போடுங்கள். ஊரில் கணினி படித்த பிள்ளைகளை உட்கார வையுங்கள். ஒரு திருப்புளி, ஒரு தூரிகை, லினக்ஸ் ஏற்றிய ஒரு பென்டிரைவ் போதும். பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, பிடித்தால் ஏற்றிக்கொள்ளலாம். எதைச் செய்வதற்கு முன்பும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் குடும்பப் படங்களையும் வேறிடத்தில் நகல் எடுத்து வையுங்கள். தெரியாததைக் கேட்க ஆளும் உண்டு: புதுவையில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கத்தினர் இருக்கிறார்கள், விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழுவினர் இருக்கிறார்கள்.

உண்மையாகவே செத்துப்போன பெட்டியையும் குப்பைமேட்டில் எறியாதீர்கள். கம்பியைக் கொளுத்திச் செம்பு எடுக்கும் புகையில் நஞ்சு இருக்கிறது. பழைய போர்டில் ஈயம் இருக்கிறது. பழைய மானிட்டரின் விளக்கில் பாதரசம் இருக்கிறது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவன் காயலான் கடையில் கூலிக்கு நிற்கும் நம் தொழிலாளிதான். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள் அவற்றை முறையாகக் கழிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது வைத்திருக்கின்றன. பதிவு பெற்றவரிடம் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் டிஸ்கைக் கழற்றிக்கொள்ளுங்கள்.

வில்லியனூர்த் தோழரின் பெட்டியைத் திறந்து பார்த்தோம். தூசி, தேய்ந்த ஹார்டு டிஸ்க், செத்த யுபிஎஸ் பேட்டரி. மதர்போர்டு நன்றாகவே இருந்தது. மானிட்டருக்கு ஒரு குறையும் இல்லை. எஸ்எஸ்டி போட்டு, இரண்டு பகுதியாகப் பிரித்தாயிற்று. ஒன்றில் லினக்ஸ், இணையமும் வங்கியும் அதில் மட்டும். இன்னொன்றில் இணையம் இல்லாத விண்டோஸ். மகள் டேலி பழகுவதற்கு. டேலியில் மாணவர்க்கான பயிற்சி முறை இருக்கிறது. அதற்கு உரிமக் கட்டணம் இல்லை. பிரிண்டர் மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள்.

ஆன செலவு அவருடைய ஒரு வாரச் சம்பளத்துக்குள் அடங்கியது. மகள் படித்து முடித்து வேலைக்குப் போகட்டும். அந்த வேலைக்கு எந்தப் பெட்டி வேண்டுமோ அதை அப்போது அவளே பார்த்து வாங்குவாள். கம்மல் அடகுக் கடைக்குப் போகவில்லை.